பறவை பார்க்கப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆளுக்கொரு யோசனை சொன்னால் என்ன செய்வது?

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் பறவை பார்க்கிறவர்கள் கூட்டம் பெருகிக்கொண்டே வருகிறது. எஸ்டேட் ஊழியர், பள்ளி ஆசிரியை, ஹோம்ஸ்டே நடத்துபவர், ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பையன் என்று எல்லாத் தரப்பும் இருக்கிறார்கள். ஆர்வமாக வந்து சேரும் புதியவர் "என்ன பைனாகுலர் வாங்கலாம்?" என்று வாய் திறந்தால் போதும், மதியத்துக்குள் எட்டுப் பதில் வந்துவிடும். எட்டும் எட்டுத் திசையில் இழுக்கும். ஒருவர் எட்டு மடங்கு என்பார், ஒருவர் பத்து என்பார், மூன்றாமவர் "அதெல்லாம் எதுக்கு, கேமரா வாங்குங்க" என்பார். ஜூனில் வெளியே போகாதே என்று ஒருவர், நவம்பரில் போகாதே என்று இன்னொருவர். கடைசியில் புதியவர் எதையும் வாங்காமல், எங்கும் போகாமல் ஒதுங்கிவிடுகிறார். இல்லாவிட்டால் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் பின்னால் போகிறார். இரண்டும் நல்லதில்லை.

இந்த முரண்களில் பெரும்பாலானவை, சொன்னவர் எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எதற்காகப் பறவை பார்க்கிறார் என்பதில் இருந்து பிறப்பவை. அதைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதிச் சண்டை தானாகத் தீரும். மீதியில் சில விஷயங்களுக்கு ஓட்டெடுப்பே கிடையாது. அவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில், சொன்னவர் எந்த ஊர் என்று கேளுங்கள்

வெறும் அறிமுகத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. மலையில் பத்து மைல் தள்ளிப் போனால் வானிலையே வேறு.

மழையை எடுத்துக்கொள்வோம். கூடலூர், நடுவட்டம், அப்பர் பவானி, அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அந்தப் பக்கத்துக்காரர் "ஜூன்ல போகாதீங்க, மரமே கண்ணுக்குத் தெரியாது" என்றால் அவர் சொல்வது சரி. கோத்தகிரியும் குன்னூரின் கிழக்குச் சரிவும் அப்போது மழை மறைவில் இருக்கும். அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும். கொடைக்கானலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். அதனால் "நவம்பர்ல வேண்டாம்" என்கிற கோத்தகிரிக்காரரும் சரி. இருவரும் தங்கள் வீட்டு வாசலில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்திலும் இதே கதை. "சூரியன் வர்றதுக்கு முன்னாடியே களத்துல இருக்கணும்" என்பது சமவெளியில் பழகியவர்களின் விதி. கோயம்புத்தூர் குளக்கரையில் அது சரியாக வரும், எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் ஜனவரி மாதம் பள்ளங்களில் உறைபனி படிந்திருக்கும்போது ஆறு மணிக்குப் போய் நின்றால் உங்கள் விரல்தான் விறைக்கும். முதல் வெயில் விழுகிற சரிவைப் பார்த்து, ஏழரை எட்டு மணிவாக்கில் போங்கள். பூச்சிகள் அசையத் தொடங்கியபின் பறவைகளும் அங்கேதான் வரும். அதற்காக விடியற்காலைக்காரரை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். சுமார் ஆயிரம் மீட்டரில் உள்ள கூடலூருக்கு அவர் சொல்வது நன்றாகவே பொருந்தும்.

எந்த மாதம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "பொட்டானிக்கல் கார்டன் பக்கமே காஷ்மீர் ஈப்பிடிப்பான் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னதை நம்பி மே மாதத்தில் தேடினால் கிடைக்காது. அது காஷ்மீர்ப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிற பறவை. யோசனை தப்பில்லை, அதன் தேதிதான் முடிந்துவிட்டது.

பைனாகுலர் சண்டை

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதிகப் பணம் போவதும் இங்கேதான், அதிக வாக்குவாதம் நடப்பதும் இங்கேதான்.

8×42 என்றால் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு அது ஐந்தேகால் மி.மீ., 10×42-க்கு 4.2 மி.மீ. நடுப்பகல் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அப்போது நம் கண்மணியே சுருங்கித்தான் இருக்கும். சோலைக்காட்டுக்குள் (மலை மடிப்புகளில் இருக்கிற அடர்ந்த, இருண்ட காடு), அதுவும் மூடுபனி இறங்கிய நாளில், கண்மணி விரிந்திருக்கும்போது நன்றாகவே தெரியும். கோத்தகிரி லாங்வுட் சோலையில் புதருக்கடியில் ஒரு நீலகிரி சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சின்னக் காட்டுக்குருவி) தத்திக்கொண்டிருந்தால் எட்டு மடங்குக்காரருக்கு நீலமும் செம்பழுப்பும் பிரிந்து தெரியும். பத்து மடங்குக்காரருக்குப் பறவை பெரிதாக, ஆனால் மங்கலாகத் தெரியும். கை நடுக்கமும் பத்து மடங்கில் கூடுதலாகத் தெரியும், பார்வை வட்டமும் குறுகும். புதியவர்களுக்கு முதல் சிரமமே பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டு வருவதுதான், அதனால் வட்டம் பெரிதாக இருப்பது நல்லது.

அப்படியானால் பத்து மடங்கு வாங்கச் சொன்னவர்? அவர் அனேகமாக எமரால்டு அணை, பேரிஜம் ஏரி, மேட்டுப் புல்வெளி என்று திறந்த இடங்களில் பார்க்கிறவராக இருப்பார். தண்ணீரின் மறுகரையில் நிற்கிற வாத்துக்கோ, எதிர்மலையில் வட்டமிடும் கழுகுக்கோ பத்து மடங்குதான் நல்லது. கேட்டுப் பாருங்கள், "அண்ணா, நீங்க பெரும்பாலும் எங்க பார்ப்பீங்க?" என்று. பதிலில் விஷயம் வந்துவிடும்.

என் கட்சியைக் கேட்டால், தேயிலைத் தோட்ட ஓரமும் சோலை விளிம்பும் உங்கள் வழக்கமான இடமென்றால் எட்டு மடங்கு. எடை தாங்காது என்பவர்கள் 8×32 பார்க்கலாம். நீர் புகாத, உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்த வகையாக இருந்தால் பனி நாளில் உள்பக்கம் ஆவி படியாது. மலைக்கு இது வசதி. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் தூரம் (கண்பக்க லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய இடைவெளி) 15 மி.மீ.-க்குக் குறையாததாக வாங்க வேண்டும். கடையில் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வலது கண் பக்கம் உள்ள சின்னத் திருகை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வது பற்றி யாரும் யோசனை சொல்லவே மாட்டார்கள். அதைச் செய்யாமல் "இந்த பைனாகுலர் சரியில்லை" என்று விற்றவர்கள் உண்டு.

கேமரா வாங்கச் சொல்பவரும் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறார். படம் இருந்தால் வீட்டுக்கு வந்து பொறுமையாக அடையாளம் காணலாம், பிறரிடமும் காட்டலாம். ஆனால் தொடக்கத்தில் கேமரா மட்டும் இருந்தால் கண் பறவையைப் பார்க்காமல் ஃபோகஸையே பார்த்துக்கொண்டிருக்கும். பறவை எப்படி நடக்கிறது, வாலை எப்படி ஆட்டுகிறது என்பதெல்லாம் தவறிப்போகும். முதல் ஓராண்டு பைனாகுலர், பிறகு வேண்டுமானால் கேமரா என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர், இருக்கட்டும்.

எது வாங்கினாலும், அதைப் பத்திரப்படுத்துவதில் மட்டும் சமவெளிக்காரர் யோசனையை எடுக்காதீர்கள். "உறைக்குள்ள போட்டு பீரோல வெச்சுடுங்க" என்பார்கள். மழைக்காலத்தில் மலையில் அப்படி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை போல வெள்ளை நூல் ஓடத் தொடங்கிவிட்டால் பிரித்துச் சுத்தம் செய்ய ஆகும் செலவு பொருளின் விலையைத் தொடும். ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி வாங்கினால் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். வாணலியில் மிதமாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது. மழையில் நனைந்து வந்த அன்று உடனே டப்பாவில் அடைக்காமல், துடைத்து ஓரிரவு காற்றாட விட்டுப் பிறகு வையுங்கள்.

இரண்டு பெரியவர்கள் இரண்டு பெயர் சொன்னால்

ஒரு படம் காட்டுகிறீர்கள். ஒருவர் ஒரு பெயர் சொல்கிறார், இன்னொருவர் வேறு பெயர். இருவருமே இருபது வருடமாகப் பார்ப்பவர்கள். இங்கே யார் பெரியவர் என்று பார்ப்பதில் பயனில்லை. இருவரிடமும் ஒரே கேள்வியைப் பணிவாகக் கேளுங்கள்: "சார், எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க? எனக்கும் கத்துக்கணும்." இறக்கையில் பட்டை, கால் நிறம், குரல், பார்த்த உயரம் என்று காரணம் சொல்பவரின் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். "பார்த்தாலே தெரியுது" என்று மட்டும் சொல்பவர் சரியாகவே சொல்லியிருக்கலாம், ஆனால் அதிலிருந்து உங்களுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

சில சமயம் முரண்பாடு ஆளிடம் இல்லை, காலத்தில் இருக்கிறது. நீலகிரிச் சிரிப்பானும் பழனிச் சிரிப்பானும் இன்று தனித்தனி இனங்கள். நீலகிரியில் இருப்பது ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையில் இருப்பது இன்னொன்று. பழைய நூல்களில் இந்த வகைப்பாடு வேறு விதமாக இருக்கும். 2017-ல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு இவற்றின் பேரினப் பெயரே (அறிவியல் பெயரின் முதல் பகுதி) மோன்டிசின்க்ளா என்று மாறியது. சோலைக்கிளியிலும் இதே பிரிவு: கணவாய்க்கு வடக்கே விலாவில் செம்பழுப்பு உள்ளது, தெற்கே வெள்ளை வயிறு உள்ளது. ஆகவே கொடைக்கானல் பெரியவர் ஒருவர் பழைய பெயரைச் சொன்னால் "தப்பு" என்று பாயாமல், அவர் எந்த ஆண்டுப் புத்தகத்தில் படித்தார் என்று கேட்டால் போதும். பெயரில் நீலகிரி என்று இருப்பதால் நீலகிரியில் மட்டும்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலகிரிக் காட்டுப்புறாவும் கொடைக்கானல் சோலைகளிலும் தாராளமாக உண்டு.

இலைக் கதிர்க்குருவிகள் விஷயத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். குளிர்காலத்தில் மரஉச்சியில் துள்ளும் அந்தப் பச்சைச் சாம்பல் குருவிகளில் பல இனங்கள் கலந்திருக்கும். பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். "இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று எழுதி வைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. பார்த்த பறவைகளை இணையத்தில் பதிகிற ஈபேர்ட் தளத்தின் பட்டியலிலும் அப்படிப் பதிய இடமிருக்கிறது.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் போன்ற கைபேசிச் செயலி தரும் பெயரையும் இன்னொரு ஆளின் யோசனை மாதிரியே நடத்துங்கள். அது குரலைக் கேட்டு ஊகிக்கிறது. கீழ்க்காட்டில் துடுப்புவால் கரிச்சான் பத்துப் பறவை மாதிரிக் கூவும். செயலி பத்தையும் பட்டியல் போடும். கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

ஓட்டெடுப்பு கிடையாத இடங்கள்

இதுவரை "அவரவர் சூழ்நிலை" என்று சொன்னேன். இங்கே அது செல்லாது.

கூடு: முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது 1972-ம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. "ஒரே ஒரு போட்டோதான், கிளையைக் கொஞ்சம் விலக்கினா போதும்" என்று எவ்வளவு அனுபவமுள்ளவர் சொன்னாலும் பின்வாங்குங்கள்.

குரல் போட்டு அழைப்பது: ஸ்பீக்கரில் பறவையின் குரலைப் போட்டால், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது வெளியே வரும். "ஒரு தடவை போட்டா ஒன்னும் ஆகாது" என்பார்கள். அந்த ஒரு தடவையை ஒரே சோலையில் ஒரு சீசனில் எத்தனை பேர் போடுகிறார்கள்? சிரிப்பானும் சோலைக்கிளியும் துண்டு துண்டான சோலைகளில் மட்டுமே வாழ்பவை, வேறெங்கும் போய்விட முடியாது. புதியவருக்கு இது தேவையே இல்லை.

அனுமதி: காப்புக்காடுகளுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், முக்குருத்தி தேசியப் பூங்காவுக்கும் அப்படித்தான். தேயிலை எஸ்டேட் தனியார் நிலம், வாசலில் இருக்கும் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "நாங்க எப்பவும் போவோம், யாரும் கேட்க மாட்டாங்க" என்பதெல்லாம் ஒரு யோசனையா?

காட்டெருமை: "அது பாவம், ஒன்னும் செய்யாது" என்று ஒருவர், "ஓடிடுங்க" என்று இன்னொருவர். பைனாகுலரே இல்லாத ஒருவர் சொல்வதைத்தான் இங்கே முதலில் கேட்க வேண்டும்: அந்தத் தோட்டத்தில் தினமும் இலை பறிக்கிற அக்கா. "அந்தப் பாதையில போகாதீங்க, நேத்து ஒத்தை நின்னுச்சு" என்று அவர் சொன்னால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் ஆண் எருமை நம்ப முடியாதது. தூரம் விட்டு நின்று, அது போக வழி விட்டு, மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். கரடி, சிறுத்தை நடமாட்டத்துக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

அட்டைக்கு உப்பா, எலுமிச்சையா, மூக்குப்பொடியா என்ற தீராத விவாதத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வரை ஏறும் அட்டை உறை ஒன்று போட்டுக்கொண்டால் எனக்குப் போதும்.

ஒரு யோசனை, ஒரு சீசன், ஒரே பாதை

எல்லாவற்றையும் கேட்டாயிற்று. அப்புறம்?

வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து தேயிலைத் தோட்டம் வரை என்றால்கூடப் போதும். வாரம் ஒருமுறை அதே பாதையில் நடந்து, நோட்டில் தேதி, நேரம், வானிலை, பார்த்தவை, எத்தனை என்று எழுதுங்கள். முரண்பட்ட யோசனை வரும்போது அதை அந்தப் பாதையில் வைத்துச் சோதிக்கலாம். ஆறு மணியா எட்டு மணியா என்ற சந்தேகமா? ஒரு மாதம் இது, ஒரு மாதம் அது என்று நடந்து பாருங்கள். நோட்டே பதில் சொல்லும். ஒரே வாரத்தில் நாலு யோசனையை மாற்றி மாற்றிச் செய்தால் எதனால் என்ன கிடைத்தது என்று தெரியாமல் போகும்.

முதல் சில மாதங்கள் அபூர்வப் பறவையைத் துரத்த வேண்டாம். செம்மீசைச் சின்னான், புதர்ச்சிட்டு, பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, காட்டு மைனா, புள்ளிப்புறா, மலைத் தகைவிலான், குளிர்காலத்தில் ஓடைக்கரையில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் வாலாட்டி. இவற்றை ஆண், பெண், குஞ்சு, குரல் என்று முழுக்கத் தெரிந்துகொண்டால், புதியதாக ஒன்று வரும்போது எதில் வேறுபடுகிறது என்று நீங்களே சொல்வீர்கள். அப்போது இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டாலும் பயம் இருக்காது.

கேள்வி கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். "இது என்ன பறவை?" என்று படம் மட்டும் போட்டால் ஊகங்கள்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கோத்தகிரி, சோலை ஓரம், ஜனவரி 5, காலை எட்டரை. தரையில் இலையைக் கிளறிக்கொண்டிருந்தது, சின்னானைவிடச் சிறியது, வாலை அடிக்கடி விரித்தது. நான் நினைத்தது இது, ஆனால் கால் நிறம் பொருந்தவில்லை." இடமும் மாதமும் நடத்தையும் இருந்தால் வருகிற பதில்களின் எண்ணிக்கை குறையும், தரம் கூடும். உங்கள் ஊகத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் முக்கியம். எங்கே வழுக்கினீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் அங்கே கை கொடுப்பார்கள்.

யோசனையை ஏற்காவிட்டாலும் நன்றி சொல்ல மறக்காதீர்கள். "சரிங்க அண்ணா, இந்த சீசன் எட்டு மடங்கிலேயே பார்த்துட்டு, அடுத்து நீங்க சொன்னதையும் எடுத்துப் பார்க்கறேன்" என்றால் யார் மனமும் நோகாது. பெரும்பாலானவர்கள் அதற்குமேல் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்துகிற ஒன்றிரண்டு பேர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் அடுத்த தடவை பைனாகுலரை விட்டுவிட்டுப் பறவையைப் பற்றிப் பேசுங்கள்.

இதையெல்லாம் நேரில் பழகிப் பார்க்க ஜனவரியில் நல்ல வாய்ப்பு ஒன்று வருகிறது. தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, கண்டதை ஈபேர்டில் பதிய வேண்டும், அவ்வளவுதான். வலசை வந்த பறவைகள் அப்போது மலையில் இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். உங்களுக்கு எதிரெதிராக யோசனை சொன்ன இருவரில் ஒருவரோடு காலையிலும், மற்றவரோடு மாலையிலும் போய் வாருங்கள். அவர்கள் கழுத்தில் தொங்கும் பைனாகுலரை ஐந்து நிமிடம் வாங்கி நீங்களும் பார்த்துவிடுங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.